முந்நூற்று அறுபத்தாறு

பொங்கலுக்கு முந்தின சம்பளச் சீட்டோடு
தேசிங்கு வந்து நின்றார்.
"முப்பத்தொண்ணு ராத்திரி எட்டு மணி நேரம்
ட்ரம்மு சுத்துனன் மேடம்.
இதுல ஆறுதான் கீது. ரெண்டு இன்னா ஆச்சி?"

ராணிப்பேட்டை சிப்காட்.
தோல் ஷெட்டின் தலைமேல் தகரக் கூரை போட்ட அறை.
குரோம் வாடை படியேறி வந்து
என் விசைப்பலகையில் உட்காரும்.

இங்கே தேதிக்கு மாதம் கிடையாது.
தோல் கட்டில் குத்துகிற எண்ணுக்கு ஐந்து இலக்கம்,
வருடத்துக்கு இரண்டு, நாளுக்கு மூன்று.
ஜனவரி ஒன்று 001,
அப்புறம் ஏறிக்கொண்டே போகவேண்டியதுதான்.
ஜூலியன் தேதி என்கிறோம்.
அந்தப் பெயர் உண்மையில் வேறொன்றுடையது,
பிறகு சொல்கிறேன்.

மாற்றித் தரும் நிரலை எழுதியவள் நான்,
இருபத்தொன்றாம் வருடத்தில்.
முட்டி மேட்டில் முப்பத்தொன்று, பள்ளத்தில் முப்பது என்று
விரல் மடக்கி எண்ணியதேதான் சூத்திரம்:
வருடத்தை மார்ச்சில் தொடங்கு.
ஐந்து மாதத்துக்கு நூற்று ஐம்பத்து மூன்று.
பிப்ரவரி வாலாகிவிடும்.
இருபத்தொன்பது வந்தால் வரட்டும்,
வால் நீண்டால் யாரை இடிக்கப்போகிறது?
அன்றைக்கு எனக்கு நானே ஒரு டீ வாங்கித் தந்தேன்.

பிழை அங்கே இல்லை. வாசலில் இருந்தது.
நாள் 365-ஐத் தாண்டினால் ஏற்காதே.
தப்பாகத் தட்டுகிறவர்களுக்காக வைத்த ஒற்றை வரி,
மூன்று வருடம் விசுவாசமாய் நின்றது.
நான்காம் வருடக் கடைசியில்
பகல் முழுக்க மாதாந்திர மின்தடை, ஆளில்லை.
இரவு பத்துக்கு ட்ரம் சுற்ற ஆரம்பித்ததும்
24366 வாசலுக்கு வந்தது.
அப்படி ஒரு நாளே இல்லை, போ, என்றது வரி.

பன்னிரண்டு அடிக்கும்வரை
பதினோரு பேர்
இல்லாத நாளில் நின்று தோல் புரட்டியிருக்கிறார்கள்.

"இல்லாத நாளுன்னா,"
தேசிங்கு மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார்,
"பதினோரு மணிக்கு ஆசிட்டு பட்டுதே,
இது எப்ப வெந்திச்சி?"

வரியைத் திருத்த நான்கு நொடி.
அது முடிந்தும் நான் எழுந்திருக்கவில்லை.

அந்தப் பெயருக்கு உரிய எண்
வாணியம்பாடி தாண்டி, மலைமேல், காவலூரில் புழங்குகிறது.
நட்சத்திரம் பார்க்கிறவர்கள்
நாளை நள்ளிரவில் அறுப்பதில்லை.
நடுப்பகலில் மாற்றுகிறார்கள்,
அதுவும் இங்கிலாந்தின் நடுப்பகல்.
நமக்கு மாலை ஐந்தரை.
விழித்திருக்கிறவர்களின் ராத்திரி
துண்டாகக் கூடாது என்று.
மாதமில்லை, வருடமில்லை, லீப் இல்லை.
24,60,676.
தேசிங்கின் எட்டு மணி நேரமும்
அந்த ஒற்றை எண்ணுக்குள் கால்நீட்டிப் படுத்துக்கொள்ளும்.

கணக்கர் சாந்தசீலனிடம் சொல்லிப் பார்த்தேன்.
"ஆடிட்டர் ஒத்துக்க மாட்டாரும்மா."

தேசிங்கு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"என் வயசக்கூட நாள் கணக்குல சொல்லுமா இது?"
பிறந்த தேதி சொல்லுங்கள், கழித்தால் வந்துவிடும்.
"பாலாத்துல தண்ணி போன வருசம்.
ஆடிக் கிருத்திகைக்கு மூணு நாளு முன்ன."

நிரல் கேட்பது எட்டு இலக்கம்.
ஆதாரில் ஜனவரி ஒன்று,
ஒன்றாம் வகுப்பில் வாத்தியார் போட்டது.
அப்படியானால் என் நிரல் ஒப்புக்கொண்ட ஆறு மணி நேரமும்
அவருடைய பிறந்தநாள்.

அதை நான் சொல்லவில்லை.
பதினோரு பேருக்கும் சேர்த்து
இருபத்திரண்டு மணி நேரக் கூலியை ஏற்றி
அச்சுக்குக் கொடுத்தேன்.
அவர் சீட்டை நான்காய் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
கீழே ட்ரம் புரளும் சத்தம்.
மணி ஐந்தரை இருக்கும்.